கப்பலுக்குக் கோடு போட்ட கதை

(பி.எஸ்ஸி. கணிதம், 1979–82 அணியிலிருந்து)

மலர்க் குழு நண்பர் போனில் பிடித்துக்கொண்டார். "நீ கப்பல் வேலையில இருந்தவன்தானப்பா, அதைப் பத்தி ஏதாவது எழுதிக் குடு. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ரொம்ப வந்து கிடக்கு" என்றார். கவிதை எனக்கு அந்தக் காலத்திலேயே வராது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. நம்ம ராஜபாளையத்துக்குக் கிழக்கே, 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்ததே, அந்த ஆலங்குளம். சுண்ணாம்புக்கல், கரிசல் காடு, கண்மாய். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோதான் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் முப்பது வருஷம் கப்பலின் வடிவத்தோடு மல்லுக்கட்டினேன் என்றால் வீட்டில் உள்ளவர்களே இன்னும் நம்புவதில்லை. "கப்பல்ல வேலைன்னா எந்தெந்த நாட்டுக்குப் போன?" என்பார்கள். நான் போனது டிராயிங் ஆபீசுக்கு. கப்பல் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே என் வேலை முடிந்துவிடும்.

கப்பலின் உடலை 'ஹல்' என்பார்கள். அதில் நேர்கோடு என்பது அபூர்வம். முன்பக்கம் கத்திபோல ஒடுங்கி, நடுவில் வயிறு வைத்து, பின்னால் மறுபடி உள்வாங்கி, சுழலிக்கு இடம் விட்டு மேலேறும். இதைக் காகிதத்தில் எப்படிக் காட்டுவது? வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக அரிகிற மாதிரி கப்பலைக் குறுக்கே அரிந்து ஒவ்வொரு வில்லையின் ஓரத்தையும் வரைவார்கள். பிறகு தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுக்கையாக அரிவார்கள். மூன்றாவதாக நீளவாக்கில் நட்டமாக அரிவார்கள். இந்த மூன்று கூட்டுக் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு படத்தில் ஒரு புள்ளியை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால் மற்ற இரண்டிலும் எங்கேயோ ஒரு கோடு நெளியும். அந்த நெளிசலை எடுக்கப் போனால் வேறோர் இடத்தில் கிளம்பும். இப்படியே ஓட்டி ஓட்டி எல்லாக் கோட்டையும் நேர்த்தி செய்வதற்கு 'ஃபேரிங்' என்று பெயர்.

அந்தக் கோட்டை வரையும் கருவி, நம்ம ஊரில் ஓடு வேய அடிப்பார்களே, அந்த ரீப்பர் கட்டையின் தம்பி. மெல்லிய, முடிச்சில்லாத, நன்றாக வளையும் மரச்சட்டம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்ப்ளைன்' என்று பெயர். புள்ளிகளின் மேல் அதை வளைத்து வைத்து, நகராமல் இருக்க ஈயக் குண்டுகளை வரிசையாக ஏற்றி வைப்பார்கள். குண்டுக்கு மூக்குப்போல ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அதை 'வாத்து' என்றே சொல்வார்கள். ஏழெட்டு வாத்துகள் ஒரு சட்டத்தைக் கொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் கண்மாய்க்கரை ஞாபகம் வரும்.

சின்னப் படத்தில் கோடு அழகாக இருந்தால் போதாது. நூற்றில் ஒரு பங்கு அளவில் வரைந்தால் பென்சில் கோட்டின் கனமே நிஜக் கப்பலில் 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரும்புத் தகட்டை வெட்டுகிறவனுக்கு அது போதுமா? ஆகவே தளங்களில் 'லாஃப்ட்' என்று பெரிய கூடம் இருக்கும். பலகைத் தரை, கறுப்புச் சாயம். அதன் மேல் மண்டி போட்டுக்கொண்டு கப்பலை முழு அளவில் சாக்பீஸாலும் ஊசியாலும் கோடு போட்டு வரைவார்கள். அந்தக் கோட்டிலிருந்து மர வார்ப்படம் செய்து, அதை வைத்துத்தான் தகட்டை வெட்டுவது, சட்டத்தை வளைப்பது எல்லாம். உலகம் முழுக்க இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை இதுதான் நடைமுறை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 'கப்பல் சாத்திரம்' என்று ஒரு பழைய தமிழ்ச் சுவடி இருக்கிறது. 1950-ல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக அச்சில் வந்தது. நல்ல நாள், நல்ல மரம், சகுனம் என்று பஞ்சாங்கம் மாதிரி போனாலும், கப்பலின் முதுகெலும்பான ஏராவுக்கு எவ்வளவு நீளம், அதற்கு மற்ற உறுப்புகள் என்ன விகிதம் என்கிற கணக்கும் உள்ளே உண்டு. அதைவிட எனக்கு வியப்பு பாக் நீரிணைக் கரையின் வத்தைப் படகுகள். அதிராம்பட்டினம் பக்கத்து மேஸ்திரிகள் காகிதத்தில் வரைபடம் போடுவதில்லை. ஒரு பலகையில் சில கோடுகளைக் கீறிக்கொண்டு, அதிலிருந்தே 'வங்கு' எனப்படும் விலா எலும்புச் சட்டங்களின் வளைவைப் படிப்படியாகக் குறைத்து எடுத்துவிடுவார்கள். 1990-களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து இதை அளந்து எழுதினார்கள். ஐரோப்பாவில் மத்தியதரைக்கடல் தச்சர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கையாண்ட முறைக்கு இது ஒத்துப்போகிறது என்று ஆச்சரியப்பட்டார்கள். நம் மேஸ்திரிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருந்திருக்காது. அப்பா செய்ததை அவர் செய்கிறார், அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டாம் வருஷம் நியூமெரிக்கல் மெதட்ஸ் எடுத்த சாரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிம்ப்ஸன் விதி என்று 1, 4, 2, 4, 1 போர்டில் எழுதியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் (இன்று பெரிய மில் முதலாளி, பெயர் சொல்ல மாட்டேன்) "சார், இது எங்க சார் உதவும்?" என்று கேட்டு வெளியே அனுப்பப்பட்டார். கேள்வி நல்ல கேள்வி. பதில் இப்போது சொல்கிறேன்.

எட்டு மீட்டர் நீளப் படகு ஒன்று. தண்ணீர் மட்டத்தில் இரண்டு மீட்டருக்கு ஒரு இடமாக ஐந்து இடத்தில் பாதி அகலத்தை அளக்கிறோம்: 0, 1, 1.4, 1.1, 0 மீட்டர். இவற்றை 1, 4, 2, 4, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 11.2. இடைவெளி இரண்டில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கி, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரட்டித்தால் ஏறக்குறைய 15 சதுர மீட்டர். கடலில் அந்தப் படகை ஒரு சென்டிமீட்டர் அமுக்க எவ்வளவு எடை வேண்டும்? சுமார் 150 கிலோ, அதாவது நம்மில் இரண்டு பேர் ஏறினால் போதும். (1982-ல் மூன்று பேர் தேவைப்பட்டிருக்கும்.) 18-ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனின் சாப்மன் இந்த விதியைக் கப்பலுக்குப் பயன்படுத்தினார். கம்ப்யூட்டர் வரும் வரை, கப்பல் எத்தனை டன் தாங்கும், சாய்ந்தால் நிமிருமா என்பதையெல்லாம் இப்படித்தான் பெரிய பெரிய தாள்களில் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் முதலில் விடுவித்தது இந்தக் குமாஸ்தா வேலையைத்தான்.

கோட்டையே கணக்காக்குவது அடுத்த படி. 1946-ல் அமெரிக்காவில் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர், துண்டு துண்டான பல்லுறுப்புக் கோவைகளை ஒட்டுத் தெரியாமல் இணைக்கும் முறையை எழுதி, அதற்குக் கப்பல் வரைவாளனின் மரச்சட்டத்தின் பெயரையே வைத்தார்: ஸ்ப்ளைன். பெயர்ப் பொருத்தம் சும்மா இல்லை. வளைத்து வைத்த ரீப்பர் தன் உள்ளிறுக்கம் எவ்வளவு குறையுமோ அந்த வடிவத்தில்தான் வந்து நிற்கும். அதற்குச் சமன்பாடு எழுதினால் இரண்டு வாத்துகளுக்கு நடுவே உள்ள துண்டு ஏறக்குறைய ஒரு முப்படிக் கோவை. துண்டுகள் சேரும் இடத்தில் சாய்வும் ஒன்று, வளைவும் ஒன்று. மரம் தானாகச் செய்ததை நாம் சமன்பாடுகளைத் தீர்த்துச் செய்கிறோம்.

1960-களின் தொடக்கத்தில் நார்வேக்காரர்கள் இதைத் தொழிலாக்கினார்கள். ஓஸ்லோவின் ஆராய்ச்சி நிலையமும் ஆக்கர் கப்பல் நிறுவனமும் சேர்ந்து 'ஆட்டோகான்' என்ற திட்டத்தை எழுதின. கோட்டைக் கம்ப்யூட்டர் நேர்த்தி செய்யும், தகட்டின் வடிவத்தைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுக்கும், நாடாவைப் படித்து எந்திரம் தகட்டை நெருப்பால் வெட்டும். லாஃப்ட் தரையே தேவையில்லை. சுவீடனில் மால்மோ நகரின் கோக்கம்ஸ் தளமும் தனக்கென ஒரு மென்பொருள் எழுதியது. பிற்பாடு 'டிரைபான்' என்று உலகெங்கும் பரவியது அதன் வழி வந்ததுதான். நம் நாட்டுத் தளங்களிலும் புழங்கியது. இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லவும் மனம் வரவில்லை: 1980-களில் மால்மோவில் வணிகக் கப்பல் கட்டுவது நின்றுபோனது. ஊரின் அடையாளமாக நின்ற ராட்சத கிரேனைக் கொரியாவின் ஹூண்டாய் ஒரே ஒரு டாலருக்கு வாங்கி 2002-ல் கழற்றிக் கொண்டுபோனது. ஊர் மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்களாம். மென்பொருள் மட்டும் பிழைத்துக்கொண்டது.

நம் நாட்டில் பிரச்சினை வேறு. இங்கே கம்ப்யூட்டர் இல்லை என்பதைவிட, கோடு நம்முடையதாக இல்லை. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் ஓட்டினார். ஆனால் அந்தக் கப்பல்களை ஐரோப்பாவிலிருந்துதான் வாங்கிவர வேண்டியிருந்தது. கம்பெனி சுதேசி, கப்பல் விதேசி. 1941-ல் விசாகப்பட்டினத்தில் சிந்தியா கம்பெனி கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டி, 1948 மார்ச்சில் 'ஜல உஷா'வை நேரு கடலில் இறக்கி வைத்தார். பிறகு அதுவே அரசின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு ஆனது. கொச்சித் தளம் 1970-களில் ஜப்பானின் மிட்சுபிஷி உதவியோடு எழுந்தது. அதன் முதல் கப்பல் 'ராணி பத்மினி' 1981-ல் வெளிவந்தது. 1972-ல் மும்பை மசகான் தளத்தில் முடிந்த 'நீலகிரி' போர்க்கப்பல் பிரிட்டனின் லியாண்டர் வகை. கை நம்முடையது, வியர்வை நம்முடையது, படம் அவர்களுடையது.

படம் பிறர் கையில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். கப்பலை ஐந்து மீட்டர் நீட்ட வேண்டும், ஒரு ஹெலிகாப்டர் கூட வைக்க வேண்டும் என்றால் அனுமதி கேட்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வளைவு ஏன் அப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாததை மாற்றத் துணிச்சல் வராது.

அந்தத் துணிச்சல் வந்தது 'கோதாவரி'யில். 1983 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்த இந்தக் கப்பலை நம் கடற்படையின் வடிவமைப்பு இயக்ககமே வரைந்தது. லியாண்டர் 113 மீட்டர், கோதாவரி 126 மீட்டர். இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்கள் ஏறும். நீராவி எந்திரமோ அதே 30,000 குதிரைத்திறன்தான். பெரிய உடம்பு, அதே மாடு! வேகம் விழாமல் இருக்க வேண்டுமானால் உடம்பின் கோட்டில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். 27 நாட் வேகம் கிடைத்தது. என் கணக்கில் இந்தியக் கப்பல் வடிவமைப்புக்குப் பிறந்த நாள் அதுதான். வேறு தேதி சொல்பவர்களும் உண்டு, சண்டைக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி யாரும் கப்பல் கட்டிவிட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மாதிரி உருவைச் செய்து நீண்ட தொட்டியில் இழுத்துப் பார்ப்பார்கள். 1872 வாக்கில் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் தொடங்கிவைத்த வழக்கம் இது. விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆய்வகத்தின் அதிவேகத் தொட்டி 500 மீட்டர் நீளம். முதல் முறை அதன் அளவைக் கேட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிதான் மனசில் வந்தது. ஆண்டாள் தேரை வடம் பிடித்து இழுப்பார்கள், அங்கே கப்பல் பொம்மையை இழுக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். டிகிரி முடித்து, சென்னையில் ஃபோர்ட்ரான் படித்துவிட்டு, 1985-ல் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் கம்ப்யூட்டர் உதவியாளர். தளத்தின் பெயர் வேண்டாம். என் வேலை, வரைபடத்திலிருந்து பாதி அகலங்களை அளந்து எண்களாக உள்ளே போடுவது. கப்பலொன்றுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள். பிளாட்டர் என்ற எந்திரம் கோட்டை வரைந்து தள்ளும். லாஃப்ட்டில் இருந்தவர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. எப்படி ஆகும்? அவர்கள் சோற்றில்தானே கை வைக்கிறோம்.

அதில் ஒரே ஒருவர் மட்டும் என்னிடம் பேசுவார். தூத்துக்குடிக்காரர், தோணி கட்டும் குடும்பம். மூத்த மேஸ்திரி. ஊர்ப்பக்கம் என்று தெரிந்ததும் நான் அவருக்குத் தம்பி ஆகிவிட்டேன், அவர் எனக்கு அண்ணாச்சி.

ஒருநாள் பிளாட்டர் தாளை அவர் வாங்கித் தரையில் விரித்தார். ஒரு ஓரத்தில் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் நீளவாக்கில் பார்த்தார்.

"தம்பி, இங்க ஒரு மேடு நிக்கி பாத்தியா?"

நான் நேரே நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "கம்ப்யூட்டர்ல எரர் எதுவும் வரலையே அண்ணாச்சி" என்றேன்.

"அதுக்கென்ன தெரியும், பாவம். நீ குடுத்தத அது போட்டிருக்கு. படுத்துப் பாரு."

படுத்துப் பார்த்தேன். தெரிந்தது. கோடு லேசாக மூச்சை இழுத்து விட்ட மாதிரி ஓரிடத்தில் புடைத்திருந்தது. ராத்திரி பத்து மணி வரை தாளைப் புரட்டியதில் கண்டுபிடித்தேன்: 4137 என்பதை 4173 என்று அடித்திருக்கிறேன். 36 மில்லிமீட்டர். ஸ்ப்ளைன் கணக்கு எல்லாப் புள்ளி வழியாகவும் கட்டாயம் போகும். தப்பான புள்ளியைக் கொடுத்தால் அதன் வழியாகவும் போய், அக்கம்பக்கத்தையும் சேர்த்து நெளித்துவிடும். மரச்சட்டமாக இருந்தால் அந்த வாத்தைத் தூக்கிய மறுநிமிஷம் துள்ளிக் காட்டிக்கொடுத்திருக்கும். அண்ணாச்சி அதைத்தான் சொன்னார்: "சந்தேகம் வந்தா ஒரு குண்டத் தூக்கிப் பாரு. சட்டம் அசையாம கிடந்தா கோடு சரி." பிறகு நான் எழுதிய புரோகிராமில் ஒவ்வொரு புள்ளியாக விட்டுவிட்டுக் கோட்டை மறுபடி போட்டு, எவ்வளவு நகர்கிறது என்று அச்சிடும் பகுதியைச் சேர்த்தேன். அதற்காகப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. அதில் அண்ணாச்சி பெயர் இல்லை. நானும் சொல்லவில்லை.

1991-ல் லாஃப்ட் கூடத்தை ஸ்டோர் ஆக்குவதென்று முடிவானது. அண்ணாச்சி அதற்கு முன்னமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கழிக்க வேண்டிய சாமான் பட்டியல் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மர வார்ப்படங்கள், சட்டங்கள், முக்காலிகள். பீரோ ஒன்றில் பதினொரு நோட்டுகள். எந்தக் கப்பலில் எந்த இடத்தில் படத்தை விட்டு விலகிக் கோட்டை எவ்வளவு தள்ளினார், ஏன் தள்ளினார் என்று அண்ணாச்சி தமிழில் பென்சிலால் எழுதி வைத்தவை. புரட்டிப் பார்த்தேன். நம்மிடம் எல்லாம்தான் டேப்பில் இருக்கிறதே என்று பட்டியலில் 'பழைய நோட்டுகள் – 11' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அதில் ஒரு கப்பல் பழுதுக்கு வந்தது. பின்பக்கத் தகட்டை மாற்ற வேண்டும். டேப்பில் இருந்த கோடும் நிஜக் கப்பலும் ஒத்துப்போகவில்லை. அண்ணாச்சி தள்ளிய கோடு அது. ஏன் தள்ளினார் என்று சொல்ல ஆளும் இல்லை, நோட்டும் இல்லை. தகட்டை மாதிரி எடுத்து, வெட்டி, பொருந்தாமல், மறுபடி வெட்டி இருபது நாள் போனது. தூத்துக்குடிக்குப் போய் விசாரித்தேன். அண்ணாச்சி தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தம்மா காபி கொடுத்து, "கம்ப்யூட்டர்காரத் தம்பி நீங்கதானா? உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பின் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடுகளைத் தனித்தனியே நேர்த்தி செய்யும் காலம் போய், முழு உடலையும் ஒரே மேற்பரப்பாகத் திரையில் இழுத்து வளைக்கும் காலம் வந்தது. பிரான்சில் கார் கம்பெனிக்காரர் பெஸியே 1960-களில் போட்ட அஸ்திவாரம் அது. தண்ணீர் எப்படிச் சுற்றி ஓடும் என்பதையும் கம்ப்யூட்டரே கணக்கிடுகிறது. மூக்குக்குக் கீழே குமிழ் வைத்தால் எழும்பும் அலை குறையுமா, டீசல் எவ்வளவு மிச்சம் என்று ஒரே ராத்திரியில் எத்தனையோ வடிவங்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்த 'விக்ராந்த்' 262 மீட்டர், 45,000 டன்னுக்கு நெருக்கம். கடற்படையின் சொந்த வடிவமைப்பு. கப்பல் முழுவதையும் முப்பரிமாண மாதிரியாகக் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டு, அதிலிருந்து தயாரிப்புப் படங்களை எடுத்தார்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளத்தில் கட்டிய 'விக்ரம்' ரோந்துக் கப்பல் 2018-ல் கடலோரக் காவல் படையில் சேர்ந்தது. 1906-க்குப் பிறகு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். கணிதம் படிக்கிற பேரன் பேத்தி உள்ளவர்கள் இந்தத் துறையைப் பற்றி அவர்கள் காதில் போட்டு வையுங்கள். கரக்பூரிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் படிப்பு இருக்கிறது.

1991-ல் அந்தச் சாமான்கள் லாரி ஏறிய அன்று சட்டம் ஒன்றும் வாத்து இரண்டும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டியலில் எண்ணிக்கையைக் குறைத்து எழுதினேன். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதால் வழக்கு வராது என்று நினைக்கிறேன். சட்டம் இப்போது ஆலங்குளம் வீட்டில் பரணில் இருக்கிறது. கரையான் தொடவில்லை. விழாவுக்கு வரும்போது எடுத்து வருகிறேன். பெயர்ப் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் வைக்க இடம் தருவதாக மலர்க் குழு சொல்லியிருக்கிறது. ஐந்தாறு புள்ளி போட்ட தாளும் இருக்கும். வளைத்துப் பாருங்கள், குண்டைத் தூக்கிப் பாருங்கள். ஒடித்துவிட மட்டும் வேண்டாம்.